ராகு காலத்துச் சக்கரம்

சுவத்துல எழுதிப் பொழைக்கிறவனுக்கு முகம் தேவையில்ல, முதுகு இருந்தாப் போதும். கறம்பக்குடி சுத்துவட்டாரத்துல பாதிப் பேருக்கு என் முகம் அடையாளம் தெரியாது. முதுகைப் பார்த்துட்டா மட்டும் சைக்கிளை நிப்பாட்டி, "என்ன செல்லத்துரை, அந்தக் கோடு கொஞ்சம் சாஞ்ச மாதிரி இருக்கே?"ன்னு கேட்டுட்டுத்தான் போவாங்க.

நீங்களும் ஏதோ ஒரு வேலை பார்க்குறவங்களாத்தான் இருப்பீங்க. ஆபீஸ்ல இருக்கலாம், அடுப்படியில இருக்கலாம். பின்னால நின்னு யோசனை சொல்ல ஆள் இல்லாம ஒரு நாளாவது வேலையை முடிச்சிருக்கீங்களா? இல்லைல்ல? அப்ப நாமெல்லாம் ஒரே சாதி சனம்தான். இப்படி உட்காருங்க, ஒரு தேசியக் கொடி வரையப் போயி நான் பட்ட பாட்டைச் சொல்றேன்.

எல்லாப் பக்கமும் ரிசர்வ்

எங்க ஊர் தொடக்கப் பள்ளிச் சுவர் ரோட்டைப் பார்த்த சுவர். சரியா பஸ் திரும்புற இடம். டிரைவர் கியர் மாத்துற நேரத்துல உள்ள இருக்குற அத்தனை பேரும் அந்தச் சுவரைப் பார்த்தே ஆகணும். அப்படிப்பட்ட சுவரைக் கட்சிக்காரங்க சும்மா விடுவாங்களா? மேலத்தெருவுக்கு சிதம்பரம் அண்ணன், கீழத்தெருவுக்கு பழனிவேலு மாமா. ரெண்டு பேரும் வேற வேற கட்சி, ரெண்டு பேரும் எனக்குச் சொந்தம், ரெண்டு பேருக்கும் நான்தான் பெயிண்டர். தேர்தலுக்கு ஒரு வருசம் இருக்கும்போதே ஒருத்தர் வந்து கட்சிப் பேரைப் போட்டு 'எல்லாப் பக்கமும் ரிசர்வ்'னு எழுதச் சொல்லுவாரு. எழுதுவேன். அடுத்தவரு வந்து அதை அழிச்சுட்டு தன் கட்சிக்கு ரிசர்வ் பண்ணச் சொல்லுவாரு. அதையும் எழுதுவேன்.

போன தடவை இது கைகலப்புல முடிஞ்சுச்சு. பள்ளிக்கூட வாசல்லயே கட்டிப் புரண்டாங்க, ஒருத்தருக்கு மண்டை ஒடஞ்சு ரத்தம். பிள்ளைங்க ஜன்னல் வழியா பார்த்துக்கிட்டு நின்னுச்சுங்க. மறு வாரமே அஞ்சு பிள்ளைங்க தனியார் ஸ்கூல் வேன்ல ஏறிருச்சு. இருந்ததே கொஞ்சப் பிள்ளைங்க. இன்னும் நாலு பேரு போனா இதைப் பூட்டிட்டு மிச்சப் பிள்ளைங்களைப் பக்கத்து ஊருக்கு அனுப்பிருவாங்கன்னு பேச்சாகிப் போச்சு.

இந்த ஆகஸ்ட் மாசம் தலைமையாசிரியை ஆரோக்கியமேரி டீச்சர் என்னை டீக்கடையில வச்சுப் பிடிச்சாங்க. சுதந்திர தினத்துக்குள்ள அந்தச் சுவத்துல பெருசா தேசியக் கொடி வரையணுமாம். கொடியை அழிச்சுட்டு அது மேல கட்சிப் பேரு எழுத எவனுக்கும் கை வராது, சுவரும் தப்பிக்கும், பள்ளிக்கூடமும் தப்பிக்கும். நல்ல யோசனைதான். ஆனா ரெண்டு கட்சிக்கும் எழுதுற நானா அதைச் செய்யணும்? "வேற ஆளைப் பாருங்களேன் டீச்சர்"னு இழுத்தேன். அவங்க டீ கிளாஸைக் கீழ வச்சாங்க. "அந்தச் சுவரைக் கெடுத்தது நீங்க, செல்லத்துரை. நீங்களே மீட்டுக் குடுங்க."

ரெண்டு நாள் பெயிண்டு

கலர் வாங்க புதுக்கோட்டைக்குப் போனேன். கையோட போஸ்ட் ஆபீஸ்ல வாங்கின துணிக்கொடி ஒண்ணை மடிச்சு எடுத்துக்கிட்டேன். பெயிண்டுக் கடைக்காரரு மெஷின்ல நம்பரைத் தட்டி ஒரு காவியைக் கலந்து குடுத்தாரு. கொடிக்குப் பக்கத்துல வச்சுப் பார்த்தா பழுத்த பப்பாளி கணக்கா இருக்கு. "இன்னும் கொஞ்சம் அழுத்தம் வேணும்"னேன். கலந்தாரு. இப்ப செங்கல். மூணாவது தடவைக்குத்தான் ஓரளவு சேர்ந்துச்சு. பச்சைக்கும் இதே கூத்து. பின்னால நின்ன மூணு பேரு பெருமூச்சு விட்டுக்கிட்டே இருந்தாங்க.

"வெயில், மழை எது வந்தாலும் நிக்கிற மாதிரி குடுங்க"ன்னு கேட்டேன். "சித்தன்னவாசல் ஓவியம் மாதிரி நிக்கணுமோ?"ன்னு சிரிச்சாரு. "நின்னா நல்லாத்தான் இருக்கும்"னேன். அவரு டின் மூடியைச் சுத்தியலால தட்டி அடைச்சுக்கிட்டே, எனக்கு நல்லது சொல்ற தோரணையில மெதுவாச் சொன்னாரு: "எதுக்குங்க இவ்வளவு மெனக்கெடுறீங்க, வருசத்துல ரெண்டு நாள்தான யாரும் பார்க்கப்போறாங்க?"

ஏழு தோல்

வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் சுரண்டுறதுலயே போச்சு. பழைய சுண்ணாம்பு மேல புதுப் பெயிண்டு ஒட்டாது, பொருக்குப் பொருக்கா உதிர்ந்துரும். தகட்டை வச்சு இழுத்தா ஒவ்வொரு தேர்தலும் ஒரு தோல் மாதிரி உரிஞ்சு வருது. அண்ணன் கட்சி, மாமா கட்சி, திரும்ப அண்ணன் கட்சி. எல்லாம் என் கையெழுத்து. ஒவ்வொண்ணா உதிர்ந்து காலடியில விழும்போது, எவ்வளவு வேலை பார்த்திருக்கோம்னு ஒரு பெருமை. எதுக்காகப் பார்த்தோம்னு ஒரு எரிச்சல்.

ஏழாவது தோலுக்குக் கீழ நீலத்துல எழுத்து தெரிஞ்சுச்சு. இது எந்தக் கட்சின்னு இன்னும் கொஞ்சம் சுரண்டினேன். 'ஏழெட்டு ஐம்பத்தாறு.' எனக்கு அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. கல்யாணமான புதுசுல, பிள்ளைங்க வெளியில விளையாடும்போதும் கண்ணுல படட்டும்னு நானா போயி வரைஞ்சு குடுத்த வாய்ப்பாடு. அதுக்கு மேல மொத மொதல்ல கட்சிச் சின்னம் போட்டு மறைச்சதும் நான்தான். தகட்டைக் கீழ போட்டுட்டு அப்படியே உட்கார்ந்துட்டேன்.

சத்துணவு சமைக்கிற ராக்கம்மா அக்கா, பாத்திரம் கழுவுன தண்ணியை ஊத்த வெளிய வந்தவங்க, சுவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாங்க. அவங்க மகன் அந்த வாய்ப்பாட்டைப் பார்த்துப் படிச்சவன், இப்ப திருச்சியில வேலையில இருக்கான். ஏதாவது ஆறுதலாச் சொல்லுவாங்கன்னு நினைச்சேன். "ஏழெட்டு அம்பத்தாறைப் படிச்சவன் ஊரை விட்டுப் போயிட்டான், அழிச்சவன் இங்கயே உட்கார்ந்திருக்கான். எந்திரிச்சு வேலையைப் பாருப்பா!"

பச்சைக்குள்ள பச்சை

ஞாயித்துக்கிழமை விடியக் காலையிலேயே ஆரம்பிச்சுட்டேன். ஒம்பதடி நீளம், ஆறடி உயரம். ஒவ்வொரு பட்டையும் ரெண்டடி. நீலப்பொடி தடவின நூலை ரெண்டு ஆணிக்கு நடுவுல இழுத்துக் கட்டித் தெறிச்சா, அம்பு மாதிரி கோடு விழும். மேல காவி, நடுவுல வெள்ளை, கீழ பச்சை. பத்து மணிக்குள்ள ஏழெட்டு யோசனை வந்து சேர்ந்துருச்சு. காத்துல பறக்குற மாதிரி வளைச்சு வரையச் சொன்னாரு ஒருத்தரு. கொடிக்கம்பம் இல்லாட்டி எப்படி நிக்கும்னு கேட்டாரு இன்னொருத்தரு. சுவத்துல நிக்கிறதுக்குக் கம்பம் எதுக்குங்க? ஆனாலும் தலையை ஆட்டினேன். தலையை ஆட்டத் தெரியாதவன் எங்க தொழிலுக்கு வரக் கூடாது.

எல்லாரும் போனப்பறம் சரோஜா அக்கா வந்தாங்க. மகன் செந்தில் சிங்கப்பூர் போயி ஆறு வருசமாச்சு, அதனால ஊர்ல எல்லாரும் சிங்கப்பூர் சரோஜான்னுதான் சொல்லுவாங்க. அவனும் இந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சவன்தான். அவன் பேரைக் கொடியில எங்கயாவது எழுதணுமாம். "கொடி மேல எதுவும் எழுதக் கூடாதுக்கா, சட்டம்"னு சொன்னேன். மூஞ்சி வாடிப் போச்சு. வேற யாரா இருந்தாலும் சண்டைக்கு வந்திருப்பாங்க. அக்கா இங்கிட்டும் அங்கிட்டும் பார்த்துட்டுக் கிட்ட வந்து, கிசுகிசுன்னு கெஞ்சினாங்க: "அந்தப் பச்சைக்குள்ள பச்சையிலேயே சின்னதா எழுதுங்க தம்பி, எனக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும்."

கண் தொறக்குற நேரம்

மூணு பட்டையும் முடிச்சு எறங்குறப்ப மணி நாலரை. மிச்சம் இருந்தது நடுவுல உள்ள நீலச் சக்கரம் மட்டும்தான். ஞாயித்துக்கிழமை நாலரைக்கு என்ன ஆரம்பிக்கும்? ராகு காலம். அது முடியும்போது ஆறு மணி, அதுக்கு மேல வெளிச்சம் இருக்காது. 'சக்கரம்தான, போட்டுட்டுப் போக வேண்டியதுதான'ன்னு நீங்க கேட்கலாம். சுவத்துல எழுத வர்றதுக்கு முந்தி நான் ஐயனார் கோயில் மண்குதிரைக்கு வர்ணம் அடிச்சவன். அங்க உடம்பு, சேணம், சலங்கை எல்லாம் முடிச்சுட்டுக் கண்ணை மட்டும் கடைசியா நல்ல நேரம் பார்த்துத்தான் வரைவோம். அதுவரைக்கும் கண்ணு இருக்குற இடத்தைத் துணி கட்டி மூடி வச்சிருப்போம். கெட்ட நேரத்துல கண்ணைத் தொறந்தா வரைஞ்சவன் கண்ணு போயிரும்னு பயம். கொடிக்குச் சக்கரம்தான கண்ணு? என் கை அப்படித்தான் நினைச்சுச்சு.

அதனால நட்ட நடுவுல ஒரு ஆணி அடிச்சு, நூலைக் கட்டி வட்டம் மட்டும் பென்சில்ல போட்டேன். ஒரு பழைய காலண்டர் அட்டையை ரவுண்டா வெட்டி அந்த ஆணியிலேயே மாட்டி, வட்டத்தை மூடினேன். திங்கக்கிழமை காலையில ஒம்பதரைக்கு நல்ல நேரம், செவ்வாய்க்கிழமைதான் சுதந்திர தினம், அவசரமே இல்லன்னு ஒரு கணக்கு. பெரிய புத்திசாலின்னு நினைப்பு எனக்கு. டீச்சர் வந்து பார்த்தாங்க. கொடி நல்லா இருக்குன்னு சொன்னாங்க. அட்டையைப் பார்த்துத்தான் முகம் ஒரு மாதிரி ஆச்சு. காரணத்தைச் சொன்னேன். பொறுமையா முழுசாக் கேட்டாங்க. "எனக்கென்னமோ மூடி வச்சாத்தான் ஊரு கண்ணு தொறக்கும்னு தோணுது, செல்லத்துரை."

அண்ணன் பூரிச்ச பூரிப்பு

டீச்சர் வாக்கு பலிச்சுருச்சு. திங்கக்கிழமை காலையில ஏழே முக்காலுக்கு நான் பிரஷ் டப்பாவோட போயிச் சேர்றேன், சுவருக்கு முன்னாடி திருவிழாக் கூட்டம். சிதம்பரம் அண்ணன் வெள்ளை வேட்டியும் துண்டுமா நடுவுல நிக்கிறாரு. என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு. அந்தாளு என்னைக் கட்டிப் பிடிச்சு நான் பார்த்ததே இல்ல.

அண்ணன் கட்சிக் கொடியிலயும் இதே மூணு கலருதான். சக்கரம் இருக்குற இடத்துல அவங்க சின்னம் இருக்கும். தேர்தல் நேரத்துல அதிகாரிங்க வந்து கட்சிச் சின்னத்தை இப்படித்தான் காகிதம் ஒட்டி மறைப்பாங்க. மறைச்சு வச்ச வட்டம்னா எங்க ஊர்க்காரங்களுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான், உள்ள சின்னம் இருக்கு! நான் வாயைத் தொறக்குறதுக்குள்ள அண்ணன் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. "நான் சொல்லாமலேயே செஞ்சுட்டியே தம்பி, அதுவும் அட்டை போட்டு மறைச்சு, நானே தொறந்து வைக்கட்டும்னு!"

சுண்ணாம்பு வாளி

அந்தப் பூரிப்பு ஒரு நிமிசம்கூட நிக்கல. கீழத்தெருவுல இருந்து பழனிவேலு மாமா பத்துப் பதினஞ்சு பேரோட வர்றாரு. ஒருத்தர் கையில சுண்ணாம்பு வாளி, ஒருத்தர் கையில தென்னை மட்டை பிரஷ். "டேய் தொரை! ரிசர்வ் பண்ணின சுவரைச் சுரண்டிட்டு அவன் கட்சிக்கா எழுதிக் குடுத்திருக்க? அடிங்கடா வெள்ளையை!"ங்குறாரு. "எவன் கை வைக்கிறான் பார்ப்போம்"னு அண்ணன் ஆளுங்க சுவருக்கு முன்னாடி நின்னுட்டாங்க. ஆத்தாடி! "சின்னம் இல்ல மாமா, சக்கரம்"னு கத்துறேன். யாருக்குக் கேட்குது? கேட்டவங்களும் நம்பல. சக்கரம்னா எதுக்கு மூடுற?

அந்த நேரம் பார்த்துப் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு தாய்மாருங்க வர ஆரம்பிச்சாங்க. வளர்மதின்னு ஒரு பொண்ணு, ரெண்டு பிள்ளைங்களைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்தது, வாளியையும் கூட்டத்தையும் பார்த்துட்டு அப்படியே நின்னுச்சு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் தனியார் ஸ்கூல் வேன் நின்னு ஹாரன் அடிக்குது. அது ஒரு தடவை வேனைப் பார்க்குது, ஒரு தடவை பிள்ளைங்களைப் பார்க்குது. பின்னால இன்னும் ரெண்டு தாய்மாருங்க, வளர்மதி என்ன செய்யப்போகுதுன்னு பார்த்துக்கிட்டு. டீச்சரும் அதைத்தான் பார்த்துக்கிட்டு நின்னாங்க. அந்த மாதிரி முகத்தோட அவங்களை நான் அதுக்கு முந்தியும் பார்த்ததில்ல, பின்னாடியும் பார்த்ததில்ல.

டீச்சர் என்கிட்ட வந்து, "இப்பவே வரைங்க"ன்னாங்க. மணியைப் பார்த்தேன், எட்டு. திங்கக்கிழமை ஏழரையில இருந்து ஒம்பது வரைக்கும் ராகு காலம். வெட்கத்தை விட்டுச் சொல்றேன், அந்தக் களேபரத்துலயும் என் கண்ணை நினைச்சுத்தான் பயந்தேன். கண்ணு போனா எங்க தொழில்ல என்ன மிச்சம்? "ஒரு மணி நேரம் பொறுங்க டீச்சர், ராகு காலம் முடியட்டும்"னு கெஞ்சினேன். அவங்க கோவப்படல, குரலை உசத்தக்கூட இல்ல. "ராகு காலம் முடியுறதுக்குள்ள என் ஸ்கூல் முடிஞ்சுரும், செல்லத்துரை."

எங்க இருந்து எண்ணுறது?

போயி அட்டையைப் பிடுங்கினேன். உள்ள ஒண்ணுமே இல்ல, வெறும் வெள்ளை வட்டம். அண்ணன் முகம் தொங்கிப் போச்சு. மாமாவுக்கு அப்பவும் சந்தேகம் தீரல. "வரை, என்ன வரையிறேன்னு நானும் பார்க்குறேன்"னு வாளியைக் கீழ வைக்காமலேயே நின்னாரு. கருநீலத்தைத் தொட்டேன். 'ஐயனாரே, இது குதிரை இல்ல, நம்ம நாட்டுக் கொடி, கண்ணை மட்டும் விட்டுரு'ன்னு மனசுக்குள்ள சொல்லிட்டு ஆரம்பிச்சேன். வட்டம் போட்ட அதே நூலால சுத்தி அளந்து வச்சா ஆறு புள்ளி விழும். ஆறுக்கு நடுவுல பாதி பாதியா வச்சா பன்னெண்டு. அதுக்கும் நடுவுல வச்சா இருபத்துநாலு. முதல் நாலு ஆரக்கால் போடும்போதே கண்ணைப் பத்தின பயம் மறந்து போச்சு. எங்க ஊர்ல அத்தனை பேரு என் முதுகுக்குப் பின்னால நின்னு யாருமே யோசனை சொல்லாத காலைப்பொழுது அது ஒண்ணுதான்.

முடிச்சு எறங்கினேன். உடனே மாமா ஒத்துக்கிட்டாருன்னா நினைக்கிறீங்க? "இருபத்துநாலு இருக்கணும், எண்ணுவோம்"னு இடப்பக்கமா எண்ண ஆரம்பிச்சாரு. அண்ணன் விடுவாரா, வலப்பக்கமா எண்ணுறாரு. மாமாவுக்கு இருபத்துமூணு வருது. அண்ணனுக்கு இருபத்தஞ்சு. "ஒண்ணு கொறையுது!" "ஒண்ணு கூடுது!" திரும்ப எண்ணுறாங்க, இப்ப இவருக்கு இருபத்தஞ்சு, அவருக்கு இருபத்தாறு. சக்கரத்துல எங்க ஆரம்பிச்சோம்னு எவனுக்குத் தெரியும்? திரும்பவும் சட்டையைப் பிடிக்கிற நெலைமை வந்துருச்சு. ராக்கம்மா அக்கா கையில கரண்டியோட கூட்டத்தை விலக்கிக்கிட்டு வந்தாங்க. தன் நெத்தியில இருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்தாங்க, ஒரு ஆரக்காலுக்கு நேரா வட்டத்துக்கு வெளிய உள்ள வெள்ளையில ஒட்டினாங்க. "இதுல ஆரம்பிங்க, இதுக்கு முந்தினதோட முடிங்க. சத்தமா எண்ணுங்க, பிள்ளைங்களும் எண்ணட்டும்!"

ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு அண்ணனும் மாமாவும் ஒண்ணா எண்ணுறாங்க, பிள்ளைங்க கத்துதுங்க, தாய்மாருங்களும் சேர்ந்துக்கிட்டாங்க. இருபத்துநாலு, பொட்டுக்கு முந்தின ஆரக்கால்ல வந்து நின்னுச்சு. திரும்பிப் பார்க்குறேன், வளர்மதியோட ரெண்டு பிள்ளைங்களும் கூட்டத்துக்கு முன்னாடி நின்னு கையைத் தட்டுதுங்க. வேன் எப்பப் போச்சுன்னே தெரியல. டீச்சர் முந்தானையால முகத்தைத் தொடைச்சுக்கிட்டு உள்ள போயி மணி அடிச்சாங்க. மாமாவுக்குத்தான் கையில வாளியோட எப்படித் திரும்பிப் போறதுன்னு சங்கடம். "கரைச்ச சுண்ணாம்பு வீணாப் போகக் கூடாது தொரை, அங்கிட்டு அந்தக் கக்கூஸ் சுவருக்கு அடிச்சு விட்டுரு."

கண்ணு செவந்த கதை

அன்னைக்குச் சாயங்காலம் வலது கண்ணு செவந்து போச்சு. கரகரன்னு ஒரே உறுத்தல். அவ்வளவுதான், ஐயனார் கணக்கைத் தீர்த்துட்டாருன்னு முடிவே பண்ணிட்டேன். என் பொண்டாட்டி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இழுத்துக்கிட்டுப் போனா. நர்ஸம்மாகிட்ட ராகு காலத்துல இருந்து ஆரம்பிச்சு முழுக் கதையையும் சொன்னேன். அவங்க இமையைப் புரட்டிப் பார்த்து, தண்ணியை ஊத்திக் கழுவி, பஞ்சு நுனியில வெள்ளையா ஒரு துணுக்கை எடுத்துக் காட்டினாங்க. கண்ணு பளிச்சுன்னு தெரிஞ்சுச்சு, செவரு, லைட்டு, காலண்டரு எல்லாம். அவங்களைக் கையெடுத்துக் கும்பிட்டேன். "ராகுவும் இல்ல, கேதுவும் இல்ல, நீங்க ரெண்டு நாளாச் சுரண்டின தேர்தல் சுண்ணாம்பு!"

சுத்தமான எழுத்து

மறுநாள் கொடியேத்தம் நல்லபடியா நடந்துச்சு. அண்ணனும் மாமாவும் ஆளுக்கொரு பை மிட்டாய் வாங்கிட்டு வந்தாங்க. ரெண்டும் ஒரே கடை மிட்டாய். அதுக்கப்பறம் தேர்தல் பேச்சு வந்து, ரெண்டு பேரும் என்னை எழுதக் கூப்பிட்டாங்க. சைக்கிள் கடைச் சுவரைக் காட்டினாங்க, ரைஸ் மில் சுவரைக் காட்டினாங்க. பள்ளிக்கூடத்துச் சுவரைத் தாண்டும்போது மட்டும் ரெண்டு பேருமே வேற பக்கம் பார்த்துக்கிட்டுப் போனாங்க. வேன்ல ஏறின அஞ்சுல ரெண்டு பிள்ளைங்க திரும்பி வந்துருச்சுங்க. கொடிக்கு இடது பக்கம் மிச்சம் இருந்த சுவத்துல வாய்ப்பாட்டைத் திரும்ப எழுதிட்டேன், பதினாறு வரைக்கும். பொட்டு இன்னும் அங்கயேதான் இருக்கு. புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு டீச்சர் அதுல இருந்துதான் எண்ணச் சொல்லிக் குடுக்குறாங்க.

வாய்ப்பாடு எழுதிக்கிட்டு இருந்த அன்னைக்குச் சரோஜா அக்கா வந்தாங்க. கையில போனு, அதுல வீடியோ கால்ல செந்திலு. நேரா கொடிகிட்ட போயி, பச்சைப் பட்டையோட கீழ் மூலையில விரலை வச்சு மெதுவாத் தடவினாங்க. நான் எழுதலைங்க. கொடி மேல எழுதக் கூடாதுன்னு சொன்னவன் எப்படி எழுதுவேன்? அதைச் சொல்லிரலாம்னு ஏணியை விட்டு எறங்கினேன். அக்கா அதுக்குள்ள போனைச் சுவருக்கு நேராக் காட்டி, "பாருடா, இந்த மூலையிலதான்டா ஒம் பேரு"ங்குறாங்க. அங்க இருந்து அந்தப் பையன், "ஆமாம்மா, தெரியுதும்மா"ங்குறான். நான் திரும்ப ஏணியில ஏறிட்டேன். அக்கா என் பக்கம் திரும்பினாங்க, கண்ணு ரெண்டும் நெறைஞ்சு போயிருந்துச்சு. "கிட்ட நின்னு பார்த்தாக்கூடத் தெரியல தம்பி, அம்புட்டுச் சுத்தமா எழுதியிருக்கீங்க!"

இருபத்தஞ்சு வருசமா இந்த வட்டாரத்துல நான் எழுதாத சுவர் இல்ல, ஆனா ஒரு கொறையும் சொல்லாம ஒருத்தர் என் எழுத்தைப் பாராட்டினது, நான் எழுதவே எழுதாத அந்த ஒரு பேருக்காகத்தான்.